ஆர்சி காருக்கு சார்ஜ் பேட்டரி வாங்கப் போகிறீர்களா? முதலில் காரைக் கவிழ்த்துப் பாருங்கள்

போன கோடை விடுமுறையில் அக்கா பையன் பாரிமுனைப் பக்கம் போய் அவனுடைய ஆர்சி காருக்கு, அதாவது ரிமோட்டில் ஓடும் காருக்கு, ஒரு பேட்டரி வாங்கி வந்தான். மேலே பளபளவென்று 6000 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தது. எம்ஏஎச் என்பது பேட்டரியின் கொள்ளளவு. காரோடு வந்த பழைய பேட்டரி 1500 தான். அதில் பன்னிரண்டு நிமிடம் ஓடும். அப்படியென்றால் புதுசில் நாற்பத்தெட்டு நிமிடம் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டு, சேர்த்து வைத்திருந்த பொங்கல் காசு மொத்தத்தையும் கொடுத்துவிட்டான். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு வந்து பார்த்தால் பேட்டரி காருக்குள் நுழையவில்லை. பிளக்கும் வேறு. "மாமா, ஏதாவது பண்ணுங்க" என்றான். பிளக்கை மாற்றி, பேட்டரியை ரப்பர் பேண்ட் போட்டுக் காரின் முதுகில் கட்டிவிட்டேன். பதினைந்து நிமிடத்தில் கார் படுத்துவிட்டது.

பிறகு என் சார்ஜரில் போட்டு, உள்ளே எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தேன். 1870. ஸ்டிக்கர் பொய் சொன்னது உண்மைதான். ஆனால் அவன் வாங்கிய வரிசையும் தப்பு. எல்லாரும் பேட்டரியில் ஆரம்பிக்கிறார்கள். கார் முதலில், சார்ஜர் இரண்டாவது, பேட்டரி கடைசியில் என்பதுதான் சரியான வரிசை. கையில் இரண்டாயிரம் ரூபாய் இருந்தால் பெரிய பங்கு சார்ஜருக்குப் போகட்டும்.

1. காரைக் கவிழ்த்து ஐந்து விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்

மேல்மூடியைக் கழற்றுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் இவற்றை எழுதுங்கள்: இப்போதுள்ள பேட்டரியின் வோல்ட், பேட்டரி உட்காரும் குழியின் நீளம் அகலம் உயரம் மில்லிமீட்டரில், பிளக்கின் வடிவம், மோட்டாருக்குப் போகும் வயர் எத்தனை, கடைசியாக இஎஸ்சி எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேல் எழுதியிருப்பது.

மோட்டாருக்கு இரண்டு வயர் போனால் அது பிரஷ்டு, அதாவது உள்ளே பிரஷ் உரசும் மோட்டார்; மூன்று தடித்த வயர் போனால் பிரஷ்லெஸ், பிரஷ் இல்லாதது. இஎஸ்சி மேல் "லைபோ 2எஸ்-3எஸ்" என்பது போல எழுதியிருக்கும் (லைபோ ஒரு பேட்டரி ரகம், எஸ் என்பது செல் எண்ணிக்கை; அடுத்த பகுதியில் வரும்). அந்த ஒரு வரிதான் இந்த வேலையில் சட்டம். தனிப் பெட்டியாக இஎஸ்சியே இல்லை, ஒரே பச்சை போர்டில் எல்லாம் ஒட்டியிருக்கிறது என்றால் உங்களிடம் இருப்பது பொம்மை ரகம். அதில் வோல்ட்டை ஏற்றும் ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். பழைய பேட்டரி எத்தனை வோல்ட்டோ அதே வோல்ட்டில், குழிக்குள் போகிற அளவில், ஒன்றுக்கு இரண்டாக வாங்கி மாற்றி மாற்றி ஓட்டுவதுதான் வழி.

குழியை அளக்கும்போது வயர் வெளியே வரும் இடத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். 1:10 அளவு, அதாவது நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கார்களுக்கான கெட்டி உறை பேட்டரி பெரும்பாலும் 139 நீளம், 47 அகலம், 25 உயரம் என்ற அளவை ஒட்டி வரும். சின்னக் கார்களுக்கு அப்படிப் பொது அளவு எதுவும் கிடையாது. ஸ்கேல் வைத்து அளந்தே ஆக வேண்டும்.

2. எந்த ரகம்?

சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியில் கடைகளில் நான்கு பெயர் காதில் விழும்.

நிக்கல் காட்மியம் பழைய ஆள். காட்மியம் விஷம். யாராவது பழைய கார் விற்கும்போது கூடவே கொடுத்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, சுருக்கமாக நைம். ஒரு செல் 1.2 வோல்ட். ஆறு செல் சேர்த்தால் 7.2. முரட்டு ரகம், கீழே விழுந்தாலும், கொஞ்சம் கூடுதலாக வடிந்தாலும் பொறுத்துக்கொள்ளும். குறை என்ன? கனம் அதிகம், ஆக்சிலேட்டரை ஒரேயடியாக அழுத்தினால் வோல்ட் சரியும், அலமாரியில் சும்மா வைத்தாலே சார்ஜ் தானாகக் குறையும். இந்தக் கடைசிக் குறையைச் சரிசெய்து 2005-இல் சான்யோ கொண்டுவந்ததுதான் எனிலூப். ரிமோட்டில் போடும் பென்சில் பேட்டரிக்கு அந்த ரகத்தைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. பத்து பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை தானே ஓட்டித் தானே சார்ஜ் போடப் போகிறது என்றால், காருக்கும் நான் நைம் தான் சொல்வேன்.

லித்தியம் பாலிமர், அதாவது லைபோ. ஒரு செல் 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2. இரண்டு செல் தொடராகச் சேர்ந்தது 2எஸ், 7.4 வோல்ட். மூன்று என்றால் 3எஸ், 11.1 வோல்ட். எடை குறைவு, கேட்ட மின்சாரத்தைக் கேட்ட நொடியில் கொடுக்கும். நைமிலிருந்து லைபோவுக்கு மாறிய முதல் நாள், காருக்குப் புது மோட்டார் போட்டது போலத் தோன்றும். ஆனால் இது ரோஷக்காரன். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட்டுப்போகும், 4.2-க்கு மேலே போனால் உப்பும், இன்னும் மேலே போனால் தீப்பிடிக்கும். குத்தினாலும் நசுக்கினாலும் தீதான். காருக்கு வாங்கும்போது பிளாஸ்டிக் கெட்டி உறை போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். மெத்தென்றிருக்கும் பை ரகம் ட்ரோனுக்குப் பரவாயில்லை. கல்லிலும் சுவரிலும் மோதும் காருக்கு வேண்டாம்.

நாலாவது, உருளை வடிவ லித்தியம் அயான். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் 18650 என்று பெயர். சோனி 1991-இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த அதே குடும்பம். அந்த ஆராய்ச்சிக்குத்தான் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. நல்ல செல் நல்ல பேட்டரிதான். சாம்சங் 25ஆர் போன்ற செல் 2500 எம்ஏஎச், 20 ஆம்பியர் வரை தரும். சிக்கல் என்னவென்றால் நம் ஊர்க் கடைகளில் இந்த உருளையில்தான் போலி அதிகம். 18650 அளவில் மிக நல்ல செல்லே 3500-ஐ ஒட்டித்தான் இருக்கும். 9800, 9900 என்று எழுதியிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த செல்லும் வேண்டாம். லேப்டாப்புக்குத் தேவையான நிதானமான மின்சாரத்துக்குச் செய்தது, காரின் திடீர் இழுவைக்குச் சூடாகிவிடும்.

3. வோல்ட்டை முடிவு செய்யுங்கள்

பிரஷ்லெஸ் மோட்டார் மேல் கேவி என்று ஓர் எண் இருக்கும். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது அதன் பொருள். 3000 கேவி மோட்டாருக்கு 2எஸ் கொடுத்தால் 7.4 பெருக்கல் 3000, சுமையில்லாமல் 22,200 சுற்று. 3எஸ் கொடுத்தால் 33,300. வேகம் ஒன்றரை மடங்கு ஏறும். சூடு அதற்கும் மேலே ஏறும்.

இஎஸ்சி 3எஸ் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் முதல் பேட்டரி 2எஸ்தான் என்பது என் கட்சி. பழைய வண்ணாரப்பேட்டையிலோ ராயபுரத்திலோ நாம் ஓட்டுவது எங்கே? தெருமுனையில். ஒரு பக்கம் தண்ணீர் லாரி, ஒரு பக்கம் டிபன் வண்டி, நடுவில் கேரம் போர்டு போட்டு நாலு பேர். அங்கே 3எஸ் காரை விட்டால் காசு பேட்டரிக்குப் போகாது, அடுத்த வீட்டு அக்காவின் பூந்தொட்டிக்குத்தான் போகும். காசிமேடு மணலில் ஓட்டலாமே என்று கேட்காதீர்கள். ஒருமுறை ஓட்டியிருக்கிறேன். உப்பு மணல் பேரிங்குக்குள் புகுந்து, ஒரே வாரத்தில் பிளக் முனையெல்லாம் பச்சை பூத்துவிட்டது.

4. சார்ஜரை முதலில் வாங்குங்கள்

இங்கேதான் கொஞ்சம் நின்று நிதானமாகப் படிக்கச் சொல்வேன். பேட்டரி சாவது பெரும்பாலும் ஓடும்போது அல்ல, சார்ஜில்.

2எஸ் லைபோவில் இரண்டு தடித்த வயர் தவிர மூன்று மெல்லிய வயர் கொண்ட வெள்ளை பிளக் ஒன்று இருக்கும். 3எஸ் என்றால் நாலு வயர். அதுதான் பேலன்ஸ் பிளக். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து, இரண்டும் 4.20-இல் நிற்கும்படி சார்ஜர் சமன் செய்வதற்காக அது இருக்கிறது. சமன் செய்யாமல் ஏற்றினால் ஒரு செல் 4.30, இன்னொன்று 4.10 என்று நிற்கும், மொத்தம் 8.4 சரியாகக் காட்டும். நீங்களும் சரி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

காரோடு வரும் யுஎஸ்பி கேபிள் சின்னப் பேட்டரிக்கு ஓகே. மெதுவாக ஏறும், மூன்று மணி நேரம்கூட ஆகும். 2எஸ் 1500-க்கு மேல் போகிறீர்கள் என்றால், திரை உள்ள பேலன்ஸ் சார்ஜர் ஒன்று வாங்குங்கள். ஐமேக்ஸ் பி6 என்ற வகை ரொம்ப காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. நகல்களும் ஏராளம், பார்த்து வாங்குங்கள். திரை இருப்பதால் இன்னொரு லாபம்: எத்தனை எம்ஏஎச் உள்ளே ஏறியது என்று காட்டும். அக்கா பையனின் 6000 வெறும் 1870 என்று வெளிச்சத்துக்கு வந்தது இப்படித்தான்.

சார்ஜரில் மூன்று விஷயம் சரிபார்த்துவிட்டு பட்டனை அழுத்துங்கள். முதலாவது, ரகம். நைமுக்கான முறை முற்றிலும் வேறு. செல் நிரம்பியதும் வோல்ட் லேசாக இறங்குவதைக் கண்டுபிடித்து நிறுத்துவது அது. லைபோவில் அந்த இறக்கம் வராது. எனவே லைபோவை நைம் முறையில் போட்டால் சார்ஜர் நிற்காமல் ஏற்றிக்கொண்டே போகும், முடிவு தீ. இரண்டாவது, செல் எண்ணிக்கை. மூன்றாவது, ஆம்பியர். 1500 எம்ஏஎச் என்றால் 1.5 ஆம்பியர், 5000 என்றால் 5 ஆம்பியர். இதை 1சி என்பார்கள். பேட்டரி மேல் வேறு எதுவும் எழுதியிராவிட்டால் இதைத் தாண்ட வேண்டாம்.

எங்கே வைத்து ஏற்றுவது? மெத்தை, சோபா, மர மேசை, கேஸ் சிலிண்டர் பக்கம், வாசற்படி, இந்த எதுவும் கூடாது. தரை டைல்ஸ் மேல் ஒரு பெரிய மண்சட்டியை வைத்து, அதற்குள் பேட்டரியை வைத்து ஏற்றுகிறேன். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல். கடற்கரை மணலை எடுத்து வராதீர்கள், உப்பும் ஈரமும் மின்சாரம் கடத்தும். வீடு கட்டும் இடத்தில் கேட்டால் ஒரு பை மணல் கொடுப்பார்கள், வெயிலில் காயவைத்தால் போதும். ஏற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போகவோ, கடைக்குப் போகவோ கூடாது.

அப்புறம் நம் வெயில். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மதியம் ரெண்டு மணிக்கு என்ன சூடு என்று வியாசர்பாடிக்காரருக்கோ கொடுங்கையூர்க்காரருக்கோ நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓட்டி முடித்த பேட்டரியை அரைமணி நேரமாவது ஆறவிட்டு, சாயங்காலமாக ஏற்றுங்கள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து வெயிலில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

5. எம்ஏஎச், சி

எம்ஏஎச் என்பது குடத்தின் கொள்ளளவு. சி என்பது குடத்தின் வாய் அகலம். குடம் பெரிதாக இருந்து வாய் சின்னதாக இருந்தால் அவசரத்துக்குத் தண்ணீர் வராது.

ஓடும் நேரத்துக்கு ஒரு கைக்கணக்கு: எம்ஏஎச்சை ஆயிரத்தால் வகுத்து, அறுபதால் பெருக்கி, கார் சராசரியாக இழுக்கும் ஆம்பியரால் வகுக்க வேண்டும். எங்கள் கார் 1500-இல் பன்னிரண்டு நிமிடம் ஓடியது என்றால் சராசரி 7.5 ஆம்பியர். அதே கார் 2200-இல் பதினேழு, பதினெட்டு நிமிடம் ஓடும். இப்படி உங்கள் காரின் எண்ணை நீங்களே கண்டுபிடித்துவிட்டால், கடைக்காரர் "ஒரு மணி நேரம் ஓடும் தம்பி" என்று சொல்லும்போது சிரித்துக்கொள்ளலாம்.

சியைப் பொறுத்தவரை, ஆம்பியர் மணியை சியால் பெருக்கினால் பேட்டரி தரக்கூடிய ஆம்பியர். 1500 எம்ஏஎச் 25சி என்றால் 37.5 ஆம்பியர். 5000 எம்ஏஎச் 30சி என்றால் 150. ஸ்டிக்கரில் போடும் சி எண் பெரும்பாலும் ஊதியது, பாதியை நம்புங்கள். அந்தப் பாதியும் உங்கள் காருக்குப் போதுமா என்று பாருங்கள். 100சி, 120சி என்பதற்காகக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை.

பொய்யான கொள்ளளவைப் பிடிக்க எளிய வழி தராசு. ஒரு 2எஸ் 5000 கெட்டி உறை பேட்டரி கால் கிலோவை ஒட்டி இருக்கும். அதே எண்ணை எழுதிவிட்டு 150 கிராம் நின்றால் உள்ளே பாதி காற்று. 18650 செல் நல்லதாக இருந்தால் 45 கிராம் பக்கம் வரும். பக்கத்து மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கேட்டால் எலக்ட்ரானிக் தராசில் போட்டுக் காட்டுவார். நான் அப்படித்தான் செய்கிறேன்.

6. பிளக்

சின்னக் கார்களில் சிவப்பு ஜேஎஸ்டி, கொஞ்சம் பெரியதில் டி பிளக், இன்னும் பெரியதில் மஞ்சள் எக்ஸ்டி60. உதாரணமாக டபிள்யூஎல்டாய்ஸ் 144001 கார் 2எஸ் 1500, டி பிளக்கோடு வருகிறது. பழைய நைம் பேக்குகளில் வெள்ளை டாமியா பிளக் இருக்கும். அதிக ஆம்பியர் இழுக்கும் மோட்டாரில் அது உருகுவதைப் பார்த்திருக்கிறேன்.

முடிந்தவரை காரில் இருக்கும் பிளக்கோடே பேட்டரியை வாங்குங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டு வயரையும் ஒரே வெட்டாக வெட்டாதீர்கள். கத்தரிக்கோலின் இரும்பு இரண்டையும் சேர்த்துவிடும். பொறி பறந்து கத்தரிக்கோலில் பள்ளம் விழும். சிவப்பை வெட்டி, சால்டர் வைத்து, உறை ஏற்றி மூடிய பிறகுதான் கருப்பைத் தொட வேண்டும். உலோக முனை வெளியே தெரியாத பாதி பேட்டரிப் பக்கம் வர வேண்டும். சொருகும் முன் மல்டிமீட்டர் வைத்து பாசிட்டிவ், நெகட்டிவ் பாருங்கள். சின்ன ஜேஎஸ்டி பிளக்குகளில் நிறத்தை நம்ப முடியாது. தலைகீழாகச் சொருகினால் இஎஸ்சி ஒரு நொடியில் காலி.

7. கடையில்

பாரிமுனை, பர்மா பஜார், கொஞ்சம் தள்ளிப் போனால் ரிச்சி தெரு. ஆன்லைனிலும் கிடைக்கும், ஆனால் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. நேரில் போகும்போது துண்டுக் காகிதம், ஸ்கேல், மல்டிமீட்டர் மூன்றும் பையில் இருக்கட்டும்.

"அண்ணே, மீட்டர் வெச்சுப் பாத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்கிற கடையில் வாங்காதீர்கள். பேலன்ஸ் பிளக்கில் ஒவ்வொரு செல்லாக அளந்தால் புதுப் பேட்டரி 3.8 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு செல் மூன்றுக்குக் கீழே என்றால் எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். செல்லுக்குச் செல் வித்தியாசம் 0.03-க்குள் இருந்தால் நல்லது. உறை ஓரங்கள் உப்பியிருக்கிறதா, வயர் வெளியே வரும் இடம் தளர்ந்திருக்கிறதா, இனிப்பான ஒரு ரசாயன வாசனை அடிக்கிறதா என்று பாருங்கள். லித்தியம் செல்லுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 16046; அந்த முத்திரை இருந்தால் கூடுதல் தைரியம். பில் கேளுங்கள். பழைய ட்ரோனிலிருந்து கழற்றிய பேட்டரி பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்றால், அது ஏற்கெனவே எத்தனை முறை விழுந்தது என்று விற்பவருக்கும் தெரியாது.

8. முதல் ஓட்டமும் அதன் பிறகும்

இஎஸ்சியில் லைபோவின் வோல்ட் அளவுக்கான வெட்டு (கட்-ஆஃப்) இருக்கிறதா என்று காரின் குறிப்பேட்டில் பார்த்து, இருந்தால் போடுங்கள். பேட்டரி வடிந்ததும் அதுவே மோட்டாரை நிறுத்திவிடும். இல்லாவிட்டால், பேலன்ஸ் பிளக்கில் சொருகும் சின்ன அலாரம் ஒன்று கிடைக்கிறது, 3.5-இல் கத்தும்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை மூன்று நிமிடம் ஓட்டிவிட்டுப் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேட்டரி காருக்குச் சின்னது, அல்லது பல்சக்கர விகிதம் தப்பு. 60 டிகிரியைத் தொடவிடக் கூடாது.

ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால், லைபோவை முழுசாகவும் வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள். செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று ஒரு முறை அதற்கென்றே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது கார் எப்படியும் பரணில்தான். அந்த இரண்டு மாதம் முழு சார்ஜில் கிடந்ததால் உப்பிப்போன பேட்டரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நைமுக்கு இந்தக் கவலை இல்லை, மாதம் ஒருமுறை ஏற்றி ஓட்டினால் போதும். விமானத்தில் போகும்போது தனிப் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி.

9. உப்பிவிட்டால்

உப்பிய பேட்டரியை அழுத்தி உள்ளே தள்ளுவது, ஊசியால் காற்றை எடுப்பது எல்லாம் சிலர் செய்து பார்த்த பைத்தியக்காரத்தனம். அதோடு அதன் வாழ்க்கை முடிந்தது. மாடியில், மண்சட்டிக்குள் வைத்து, 12 வோல்ட் 21 வாட் பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை அதன் வயரில் இணைத்து, பல்பு முழுக்க அணையும் வரை வடியவிடுங்கள். தூரத்திலிருந்து ஒரு கண் அதன் மேல் இருக்கட்டும். உப்புத் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கத்தை நான் பின்பற்றுவதில்லை. முனை அரித்துவிடும், உள்ளே மின்சாரம் அப்படியே இருக்கும்.

வடிந்த பிறகு முனையில் டேப் சுற்றுங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால் அது கொடுங்கையூர்க் கிடங்குக்குத்தான் போகும். அங்கே ஏற்கெனவே எரிகிற புகை போதும். காயலான் கடையிலும் போடாதீர்கள், அவர் சுத்தியலால் தட்டிப் பிரிப்பார். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள்படி பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. மின்கழிவு வாங்கும் இடங்களில் கேட்டுக் கொடுக்கலாம். அக்கா பையனின் 6000 இப்போது டேப் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னுக்குள், அந்தப் பயணத்துக்காகக் காத்திருக்கிறது. ஸ்டிக்கரை மட்டும் உரித்துத் தன் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறான்.